மாதிரிக் கையெழுத்து இல்லாத நாடு

மூன்றாம் நம்பர் ஜன்னலில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்ததோடு சரி. வெளியுறவு அமைச்சகத்தின் கீழ்த்தளம் முழுக்க அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. இருபத்தெட்டு வருஷமாக ஒரே நாற்காலி, ஒரே வேலை. வெளிநாட்டிலிருந்து வருகிற கல்யாணப் பத்திரமோ இறப்புச் சான்றோ படிப்புச் சான்றோ, எதுவாக இருந்தாலும் இங்கே செல்லுபடியாக வேண்டுமென்றால் அந்த ஜன்னலில் சீல் விழவேண்டும். சீல் விழவேண்டுமென்றால், பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட வெளிநாட்டு அதிகாரியின் மாதிரிக் கையெழுத்து அவளுடைய தடித்த புத்தகத்தில் இருக்கவேண்டும். ஒவ்வொரு நாடும் தன் அதிகாரிகளின் கையெழுத்தை முன்கூட்டியே அனுப்பிவைத்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணாடியை மேலே ஓட்டுவாள். ஒத்துப்போனால் சீலை ஓங்கி ஒரு குத்து. வரிசையில் நிற்கிறவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். ஒத்துப்போகாவிட்டால் "ஏற்பதற்கில்லை" என்று இன்னொரு சீல். அதற்கும் அதே சத்தம்தான்.

சந்தேகம் என்பது ஆபீஸோடு போயிற்றா என்றால், அதுதான் இல்லை. வீட்டுக்கு வருகிற கேஸ் சிலிண்டரின் மூடியைக் கண்ணாடி வைத்துப் பார்த்தபிறகுதான் உள்ளே விடுவாள். கல்யாண அழைப்பிதழ் வந்தால் அச்சகத்தின் பெயர் இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பாள். மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று மகன் போனில் சொன்னபோது ஊரே சந்தோஷப்பட்டது. இவள் மட்டும், "ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்பு" என்றாள். அனுப்பினான். ஆஸ்பத்திரி சீல் கொஞ்சம் சாய்ந்திருக்கிறதே என்றாள். மருமகள் நாலு மாதம் அவளோடு பேசவில்லை.

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும் நம்புகிற மனுஷன். "ஏம்மா, ஒரு நாளாவது ஒருத்தன் சொல்றதை அப்படியே கேட்டுக்கிட்டா உனக்கு என்ன குறைஞ்சிடும்?" என்பார்.

"கேட்டுக்கிட்டவங்க எல்லாம் என் ஜன்னலுக்குத்தான் அழுதுகிட்டு வர்றாங்க. நீங்க பேசாம வண்டியை ஓட்டுங்க" என்பாள் இவள்.

அவளைக் குறை சொல்லியும் பயனில்லை. கள்ளப் பத்திரத்தை எத்தனை பார்த்திருக்கிறாள்! ஒருவன் தன் பெண்டாட்டி உயிரோடு பக்கத்தில் நிற்க, அவளுக்கே இறப்புச் சான்று கொண்டுவந்தான். அதையெல்லாம் பார்த்த கண்ணுக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கலங்கலாகத்தானே தெரியும்.

அவளுடைய புத்தகத்தில் ஒரே ஒரு நாட்டின் பக்கம் மட்டும் காலி. ஆபீஸில் அந்த நாட்டை எட்டாக்கை என்பார்கள். இதுவும் ஏழை நாடு, அதுவும் ஏழை நாடு. நடுவில் இரண்டு சமுத்திரம். இவர்களுக்கு அங்கே தூதரகம் வைக்க வசதியில்லை, அவர்களுக்கு இங்கே வைக்க வசதியில்லை. ஒரு கடிதம் போகவேண்டுமென்றால், நடுவில் இருக்கிற ஒரு பணக்கார நாட்டின் தலைநகரத்துக்குப் போய், அங்கே நம் தூதரகத்திலிருந்து தெருவைத் தாண்டி அவர்கள் தூதரகத்துக்குப் போய், பையில் கட்டி, கப்பலோ விமானமோ பிடித்துப் போய்ச் சேர ஐந்து மாதம். பதில் வர இன்னொரு ஐந்து மாதம், வந்தால். ஆனால் மாடிப்படி ஏறுகிற இடத்தில் ஒரு பெரிய போட்டோ மாட்டியிருந்தது. இரண்டு நாட்டுத் தலைவர்களும் ஏதோ மாநாட்டில் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். கீழே 'சகோதர உறவு' என்று எழுதியிருக்கும். அந்தச் சகோதரன் வீட்டுக் கையெழுத்தைத்தான் இங்கே ஒரு பிள்ளையும் நம்பாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தாய் வந்தாள். கப்பலில் வேலை பார்த்த மகன் எட்டாக்கையின் துறைமுக ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் செத்துப்போனான். அவர்களே அங்கே புதைத்துவிட்டு ஒரே ஒரு காகிதம் அனுப்பியிருந்தார்கள். பூதக்கண்ணாடி புத்தகத்தைப் புரட்டி, காலிப் பக்கத்தைக் காட்டி, வழக்கம்போல ஓங்கிக் குத்தினாள். ஏற்பதற்கில்லை. அந்தத் தாய் காகிதத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ என் புள்ள செத்தது பொய்யாம்மா? பொய்னா பொய்னு சொல்லிடுங்க. நான் சந்தோஷமா வீட்டுக்குப் போறேன்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கையெழுத்து யாரோடதுன்னு தெரியாம ஏத்துக்க முடியாது. அடுத்து யாரு?" என்றாள் பூதக்கண்ணாடி. பச்சைத் துணிப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தத் தாய் போய்விட்டாள்.

இப்படி இருக்கிறபோதுதான், ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கையில், லேத் பட்டறைக்காரன் வந்தான்.

பணக்கார நாட்டில் ஒரு தொழிற்சாலையில் ஏழு வருஷம் லேத்தில் நின்றவன். அங்கேயே வேலைக்கு வந்திருந்த எட்டாக்கை நாட்டுப் பெண்ணைப் பார்த்து, அவள் ஊருக்கே போய்க் கல்யாணம் செய்துகொண்டு, ஒரு பெண் குழந்தையும் பெற்றுவிட்டான். இப்போது இங்கே திரும்பி வந்து சொந்தமாகப் பட்டறை வைத்தாயிற்று. மனைவியையும் நாலு வயதுக் குழந்தையையும் அழைத்துக்கொள்ள வேண்டும். கல்யாணப் பத்திரத்தில் இங்கே சீல் விழுந்தால் மறுநாளே விசா. விழாவிட்டால், அவளுடைய வேலை அனுமதி மாதக் கடைசியில் முடிகிறது. அந்தப் பணக்கார நாடு தாயையும் பிள்ளையையும் எட்டாக்கைக்கே ஏற்றி அனுப்பிவிடும். அங்கே போய்விட்டால் விசா கேட்கக்கூட ஒரு கதவு கிடையாது.

முதல் நாளே பூதக்கண்ணாடிக்கு அவனைப் பிடிக்கவில்லை. ரொம்பப் பணிவாகப் பேசினான். பணிவாகப் பேசுகிறவன் எதையோ மறைக்கிறான் என்பது அவள் அனுபவம். விரலிடுக்கில் எண்ணெய்க் கறை இருந்தது, அதையும் வேண்டுமென்றே பூசிக்கொண்டு வந்திருப்பானோ என்று தோன்றியது. ஏற்பதற்கில்லை. மூன்றாம் முறை வந்தபோது குழந்தையின் போட்டோவை ஜன்னலுக்குள் நீட்டினான்.

"மேடம், என் பொண்ணு."

"போட்டோ எதுக்கு? போட்டோ யார் வேணா எடுக்கலாம்" என்றாள். ஆனால் கை சும்மா இருக்குமா? கண்ணாடியை எடுத்துப் போட்டோமேல் ஓட்டிவிட்டது. நிறமும் முடியும் இவனுடையது இல்லை. காது மட்டும் மேலே மடங்கி, நுனி கூராக, அச்சு அசலாக ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவனுடையது. காதுக்கு யாரும் போலி முத்திரை குத்த முடியாது. அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது, இவன் சொல்வது உண்மை என்று. தெரிந்தும் என்ன செய்தாள்? போட்டோவைத் திருப்பிக் கொடுத்து, "காதுக்கெல்லாம் மாதிரி கிடையாது தம்பி" என்று சொல்லி அனுப்பினாள். அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

ஆறாம் முறை வந்தபோது அவனிடம் பணிவு இல்லை.

"மேடம், என் வீட்டுக்காரியோட அண்ணன் அங்க நேர்லயே போய்க் கேட்டிருக்காரு. 'நாங்க ஒன்பது வருஷத்துக்கு முன்னாடியே கையெழுத்து மாதிரி அனுப்பிட்டோம், உங்க ஆளுங்கதான் எங்களுக்கு அனுப்பல'ன்னு சொல்றாங்களாம்."

"அனுப்பியிருந்தா வந்திருக்கும். வந்திருந்தா புத்தகத்துல இருக்கும். என் கையைத் தாண்டி ஒரு காகிதம் இந்த ஆபீஸுக்குள்ள போக முடியாது, தெரியுமில்ல?"

"அப்போ உங்க கையிலதான் எங்கயோ நின்னிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். மாதம் முடியப் பதினெட்டு நாள் இருந்தது.

சுருக்கென்று தைத்தது அவளுக்கு. என்ன திமிர் இருந்தால் இப்படிப் பேசுவான் என்று சாயந்தரம் வரை பொருமினாள். மறுநாள் காலையில் அட்டெண்டரைக் கூட்டிக்கொண்டு ரிக்கார்டு ரூமுக்குப் போனாள். அவனைப் பொய்யனாக்கத்தான் போனாள் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

"எதைத் தேடறோம்கா?" என்று கேட்டார் அட்டெண்டர், ஏணியில் நின்றபடி.

"இல்லாத ஒண்ணை. இல்லைன்னு நிச்சயம் பண்ணிக்கணும்."

மேல் அலமாரியில் 'சந்தேகக் கட்டு' என்று ஒரு வரிசை. எந்த வகையிலும் சேராத, நம்ப முடியாத காகிதங்களை அவள் கயிறு போட்டுக் கட்டி வைக்கிற இடம். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய கட்டை அவிழ்த்தாள். நாலாவது காகிதமே எட்டாக்கையின் முத்திரை போட்ட கடிதம். கூடவே இணைப்பாக ஒரு தாள், அதில் ஆறு அதிகாரிகளின் மாதிரிக் கையெழுத்து. லேத்காரனின் கல்யாணப் பத்திரத்தில் இருப்பது மூன்றாவது கையெழுத்து. கடிதத்தின் ஓரத்தில் பச்சை மையில், குண்டு குண்டாக, அவளுடைய சொந்த எழுத்து:

'இக்கடிதத்தில் கையெழுத்திட்டவரின் மாதிரிக் கையெழுத்து நம்மிடம் இல்லை. எனவே ஏற்பதற்கில்லை.'

மாதிரிக் கையெழுத்தைக் கொண்டுவந்த கடிதத்துக்கே மாதிரிக் கையெழுத்துக் கேட்டிருக்கிறாள்! அந்தத் தூசியில் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். மாடிப்படிப் போட்டோவில் கைகுலுக்கிய வருஷம் அது. இரண்டு பக்கமும் கையெழுத்து மாதிரிகளை அனுப்பிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்து, இங்கிருந்தும் ஒரு கடிதம் போனது. அது கிணற்றில் போட்ட கல் மாதிரி கிடந்தது. அவர்கள் திமிர் பிடித்தவர்கள் என்று இவள் நினைத்துக்கொண்டாள். அவர்கள் இவளை என்ன நினைத்தார்களோ!

சூப்பிரண்டிடம் கொண்டுபோனாள். அவர் அந்தப் பச்சை மையைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"கீழ உங்க கையெழுத்துதானே? எதுக்கு இதைப் போய்க் கிளறுறீங்க? எட்டு மாசம் பேசாம இருந்துட்டு நிம்மதியா வீட்டுக்குப் போங்களேன்."

"சார், இதைப் புத்தகத்துல ஒட்டிட்டா அந்தப் பையன் வேலை முடிஞ்சிடும்."

"எப்படி ஒட்டுறது? இது உண்மையான கடிதம்னு யார் சொன்னா? நீங்கதானே எழுதியிருக்கீங்க, ஏற்பதற்கில்லைன்னு. வேணும்னா உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு கடிதம் போடலாம்."

"பத்து மாசம் ஆகும் சார்."

"ஆகட்டுமே. நமக்கென்ன."

தான் இருபத்தெட்டு வருஷம் பேசிய பேச்சு அடுத்தவர் வாயிலிருந்து வந்தபோது அவளுக்கு எரிச்சல் தாங்கவில்லை. எழுந்து வந்துவிட்டாள். கடிதத்தின் தலைப்பில் ஒரு டெலிபோன் நம்பர் இருந்தது. வெளிநாட்டு அலுவலகத்தோடு நேரே பேசக்கூடாது என்பது விதி. அந்த விதியை மீறியதற்காக ஒரு டைப்பிஸ்டை அவளே போட்டுக்கொடுத்திருக்கிறாள். மறுநாள் மதியம், எட்டாக்கையில் ஆபீஸ் திறக்கிற நேரம் பார்த்து, ரிக்கார்டு ரூமுக்குள் போய்த் தன் செல்போனை எடுத்தாள். வாசலில் அட்டெண்டர் காவல்.

நாலு முறை மணி அடித்து ஓய்ந்தது. ஐந்தாம் முறை ஒரு பெண் எடுத்தாள். இரண்டு பேருக்கும் அரைகுறை இங்கிலீஷ். தட்டுத் தடுமாறிப் பேசியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"உங்க மாதிரிக் கையெழுத்துக் கடிதம் விஷயமா பேசறேன். வெளியுறவு அமைச்சகம், அட்டெஸ்டேஷன் பிரிவு."

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றது அந்தக் குரல்.

பூதக்கண்ணாடி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தாள். இது அவளுடைய கேள்வி. இத்தனை காலம் அவள் மட்டுமே கேட்ட கேள்வி.

"நீங்க யாருங்க?" என்றாள்.

"நான் யாருன்னு உங்களுக்கு எதுக்குச் சொல்லணும்? நீங்கதான் கூப்பிட்டீங்க."

"எங்க கடிதம் ஒண்ணு ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி உங்களுக்கு வந்துதா?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "வந்திருக்கலாம். வராமலும் இருக்கலாம். நாளைக்கு இதே நேரம் கூப்பிடுங்க. வேற யாராவது கூப்பிட்டா குரலை வெச்சே கண்டுபிடிச்சிடுவேன்" என்று டக்கென்று வைத்துவிட்டாள்.

அட்டெண்டர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, போலியா?" என்றார்.

"சேச்சே! போலின்னா கேட்டதுக்கெல்லாம் ஆமா ஆமான்னிருப்பான். இவ்வளவு சந்தேகப்படறவ நிஜமான ஆபீஸ்காரிதான்."

அன்று வீட்டில் சமையல் பண்ணும்போது பாட்டு முணுமுணுத்தாள். பஸ் டிரைவர் பயந்துபோய் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

மறுநாள் தபால் அனுப்பிய பதிவேட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். இங்கிருந்து போன கடிதத்தின் எண் அதில் இருந்தது. கடிதத்தைத் தேடி எடுத்துவிட்டேன் என்றாள் அந்தப் பெண். எண்ணைச் சொல்லி அது ஒத்துப்போனால் இருவருக்கும் சந்தேகம் தீர்ந்துவிடும், இந்த டெலிபோன் நம்பரைத் தலைப்பில் போட்டு வந்த கடிதமும் உண்மையாகிவிடும். யார் முதலில் சொல்வது?

"நீங்க படிங்க. கடிதம் உங்ககிட்டதானே இருக்கு."

"நான் படிச்சா நீங்க 'அதேதான்'னு சொல்லிடுவீங்க. நீங்க சொல்லுங்க."

"நான் சொன்னா நீங்களும் அதையேதானே சொல்வீங்க."

கடைசியில் அந்தப் பெண்தான் வழி சொன்னாள்: ஆறு இலக்கம், ஒன்று இவள், ஒன்று அவள்.

"நாலு" என்றாள் பூதக்கண்ணாடி.

"ஒண்ணு."

சரி. பதிவேட்டில் விரலை நகர்த்தினாள். "ஏழு."

"பூஜ்யம்."

"அஞ்சு."

பதில் இல்லை. போனை வைத்துவிட்டாளோ என்று இவளுக்கு உயிரே போனது. அப்புறம் குரல் வந்தது. "கடைசி எண்ல மை கலைஞ்சிருக்கு. மூணா எட்டான்னு தெரியல. இருங்க, கண்ணாடி எடுத்துட்டு வர்றேன்."

ஐயோ, என் ராசாத்தி! பூதக்கண்ணாடிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏமாற்றுக்காரி என்றால் ஏதோ ஒன்றைச் சொல்லித் தொலைத்திருப்பாள். இந்த மகராசி இரண்டு சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் இழுப்பறையைத் திறந்து கண்ணாடி தேடிக்கொண்டிருக்கிறாள்.

"எட்டு" என்றது குரல்.

"எட்டுதாங்க."

"உங்க கடிதத்தை ஒதுக்கி வெச்சது நாந்தான். அதுல இருந்த கையெழுத்துக்கு எங்ககிட்ட மாதிரி இல்ல. கோவிச்சுக்காதீங்க."

"நானும் அதையேதாங்க பண்ணினேன்." இருவரும் சிரித்தார்கள். கடைசிவரை பெயர் மட்டும் இரண்டு பேருமே சொல்லவில்லை.

அன்று மாலையே பூதக்கண்ணாடி மூன்று பக்கத்துக்குக் குறிப்பு எழுதினாள். கடிதம் வந்தது, ஒதுக்கியது நான், விதியை மீறிப் போன் பேசியது நான், எண் சரிபார்த்தது நான், பொறுப்பு முழுக்க என்னுடையது. சூப்பிரண்டு அதைப் படித்தார். தப்புக்கு ஒரு ஆள் தானாகவே மாட்டிக்கொண்டதைப் பார்த்ததும் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது, மேலே அனுப்பினார். மேலே இருந்து இரண்டு காகிதம் வந்தன. ஒன்று, ஆறு கையெழுத்தும் ஏற்கப்பட்டன. இன்னொன்று, வெளிநாட்டோடு அனுமதியில்லாமல் பேசியதற்கு விளக்கம் கேட்டு அவளுக்கு மெமோ. முதல் காகிதம் வரும்போது மாதம் முடிய நாலே நாள். லேத்காரனைத் தானே போன் போட்டு வரச்சொல்லி, புத்தகத்தில் புதுப்பக்கத்தை விரித்துக் காட்டி, ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். அவன் அந்தச் சத்தத்துக்கே அழுதுவிட்டான்.

அடுத்த வாரம் மனைவியும் குழந்தையும் வந்து இறங்கினார்கள். மூன்று பேரும் ஜன்னலுக்கு வந்தார்கள். குழந்தையின் காதை லேசாகப் பிடித்துப் பார்த்து, "ஒரிஜினல்தான்" என்றாள் பூதக்கண்ணாடி.

இதோடு அவள் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் துருவுகிற புத்தி இப்போது தன்மேலேயே திரும்பிவிட்டது. நிராகரிப்புப் பதிவேட்டை எடுத்து ஒன்பது வருஷத்தைப் புரட்டினாள். எட்டாக்கையிலிருந்து வந்து, அவள் கையால் திரும்பிப் போனவை நாற்பத்து மூன்று. ஒவ்வொரு விலாசத்துக்கும் கார்டு வாங்கி வீட்டில் உட்கார்ந்து எழுதினாள்: உங்கள் பத்திரத்தைக் கொண்டுவாருங்கள், இப்போது ஏற்றுக்கொள்கிறோம். வீட்டுக்காரர் விலாசம் எழுதிக் கொடுத்தார். பாதிக் கார்டுகள் ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. சிலர் வந்து, சீல் வாங்கிக்கொண்டு, திட்டிவிட்டுப் போனார்கள். வாங்கிக்கொண்டாள். மெமோவில் ஒரு இன்கிரிமெண்ட் போனது, அதையும் வாங்கிக்கொண்டாள்.

ஓய்வு பெற மூன்று நாள் இருக்கும்போது, பச்சைத் துணிப்பையோடு அந்தத் தாய் வந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. காகிதத்தை ஜன்னலுக்குள் தள்ளினாள். ஏற்பதற்கில்லை சீல் இன்னும் கருகருவென்று இருந்தது.

"கார்டு வந்துது. இப்போ இது உண்மை ஆயிடுச்சாம்மா?"

பூதக்கண்ணாடி கண்ணாடியை எடுக்கவில்லை. "அன்னிக்கே உண்மைதாம்மா. எனக்குத்தான் தெரியல."

அந்தத் தாய் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க அன்னிக்கு ஏத்துக்க முடியாதுன்னீங்க பாருங்க. கவர்ன்மெண்டே நம்பலையே, அப்போ எங்கயோ இருப்பான்னு நெனச்சேன். வீடு மாத்தவே இல்ல, வந்தா தேடுவானேன்னு. மருமகதான் கேட்டா, ஆறு வருஷமா காத்திருந்துட்டேன் அத்தை, எனக்கு ஒரு முடிவு சொல்லுங்கன்னு."

பூதக்கண்ணாடி மன்னிச்சிடுங்க என்று சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை.

"சீல் குத்தணுமாம்மா?" என்றாள் அந்தத் தாய். "கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வந்து தரட்டுமா?"

"உட்காருங்க. எவ்வளவு நேரமானாலும் உட்காருங்க."

காகிதத்தைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். நாலு மணிக்கு ஜன்னல் மூடவேண்டும். சூப்பிரண்டு கடிகாரத்தைக் காட்டினார். "நீங்க போங்க சார்" என்றாள் பூதக்கண்ணாடி. வரிசை கரைந்தது. அட்டெண்டர் டீ வாங்கி வந்து ஒன்றை அந்தத் தாயின் கையில் கொடுத்தார். ஐந்தேகாலுக்கு அவள் எழுந்து வந்து காகிதத்தை நீட்டினாள்.

"குத்திடுங்க."

இருபத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாகப் பூதக்கண்ணாடி சீலைக் காகிதத்தின்மேல் மெதுவாக வைத்து, சத்தமே வராமல் அழுத்தினாள். மை காய்கிறவரை ஊதினாள். பிறகு ஜன்னலை மூடிவிட்டு, அந்தத் தாயைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை நடந்துபோனாள்.